பல்டி மேஸ்திரி

சினிமாவில் ஹீரோ அந்தரத்தில் சுழன்று உதைத்தால் விசில் அடிக்கிறோம். 'ட்ரிக்கிங்' என்று இளைஞர்கள் இன்று பழகும் அந்த வித்தைக்குப் பல வேர்கள் உண்டு. அதில் ஒன்று பிரேசில் நாட்டுக் கபோயிரா. அதைத் தெருவிலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வந்தவர் மெஸ்த்ரே பிம்பா. மெஸ்த்ரே என்றால் ஆசான். நம்ம கட்டட மேஸ்திரியும் இதே போர்ச்சுகீசியச் சொல்லில் வந்தவர்தான்!

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் சல்வடோர் நகரில் பிறந்தார். பெயர் மனுவேல். வயிற்றில் இருப்பது பெண் என்று தாயும், ஆண் என்று மருத்துவச்சியும் பந்தயம் கட்டினார்களாம். மருத்துவச்சி ஜெயித்தார், பிம்பா என்ற செல்லப்பெயர் ஒட்டிக்கொண்டது.

கபோயிரா, ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் வளர்த்த கலை. வில் போன்ற ஒற்றைக் கம்பி வாத்தியத்தின் தாளத்துக்கு உதை, கரணம், விலகல். அடிமைமுறை 1888-இல் ஒழிந்தது. ஆனால் 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி தெருவில் கபோயிரா ஆடினால் இரண்டு முதல் ஆறு மாதம் ஜெயில்! பிம்பா வளர்ந்தது அந்தக் காலத்தில்தான்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய இந்த மனுஷன், கபோயிரா வெறும் வேடிக்கையாகத் தேய்வதைப் பார்த்துக் கொதித்தார். தந்தையிடம் கண்ட 'பாத்துக்கே' மல்லுக்கட்டையும் சேர்த்துப் புதுப் பாணி அமைத்தார். 1932-இல் பள்ளி தொடங்கினார். 1937-இல் அரசு அங்கீகாரமும் கிடைத்தது. ஜோடியாகப் பழக எட்டு வரிசைகள் வகுத்தார். ஒருவரை மற்றவர் தூக்கி வீச, வீசப்பட்டவர் பாதம் ஊன்றி இறங்கணும். அவரிடம் பல்டி என்பது கைதட்டலுக்கு அல்ல, தப்பிப் பிழைக்க. சேருகிறவர் படிக்கணும் அல்லது வேலை செய்யணும். சிகரெட், குடி கூடவே கூடாது. மருத்துவ மாணவர்கள்கூட அவரிடம் வந்தார்கள்.

1953-இல் ஜனாதிபதி வர்காஸ் முன்னிலையில் அவர் குழு ஆடியது. ஒரு காலத்தில் ஜெயிலுக்கு அனுப்பிய கலை, அரசின் மேடை ஏறியது! ஆனால் வாத்தியார் வயிறு நிறையவில்லை. சொந்த ஊரில் ஆதரவில்லை என்று மனம் நொந்து, வாக்குறுதிகளை நம்பிக் கொயானியா நகருக்குப் போனார். அங்கும் ஏமாற்றமே. 1974 பிப்ரவரி 5-ஆம் தேதி வறுமையிலேயே கண்ணை மூடினார்.

பாஹியா மத்தியப் பல்கலைக்கழகம் 1996-இல் அவருக்கு டாக்டர் பட்டம் தந்தது. 2014-இல் யுனெஸ்கோ கபோயிராவை உலகப் பாரம்பரியக் கலையாக ஏற்றது. வாங்கிக்கொள்ள மேஸ்திரிதான் இல்லை.

விழுந்தாலும் பாதம் ஊன்றி எழுந்திருக்கணும் என்பது அவர் பாடம். அரியர் பேப்பருக்கும் அது பொருந்தும். நமக்கு ஒரு தொழிலைக் கற்றுத் தந்தவரை உயிரோடு இருக்கும்போதே கவனிக்கணும் என்பது, அவர் வாழ்க்கை நமக்குச் சொல்லும் பாடம்.