தீரர் சத்தியமூர்த்தியும் பூண்டி ஏரியும்

மன்னார்த் தீவிலும் அதன் கரையோரத்திலும் வாழ்வோர்க்கு நன்னீரின் அருமையை எடுத்தோத வேண்டுவதில்லை. தோண்டிய கிணற்றில் உவர்நீர் ஊறக்கண்டு வேறிடந் தேடும் நாட்டவர் நாம். சென்னை போன்ற பெருநகரத்தாரையும் அக்கவலை வருத்தியதுண்டு. அதனைத் தீர்க்க முயன்ற ஒருவர், அம்முயற்சி நிறைவேறுமுன்னரே மறைந்தார். தீரர் என்னும் அடைமொழியால் தமிழ்நாடு போற்றிய சு. சத்தியமூர்த்தி ஐயரே அவர்.

அவர் 1887ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 19ஆந் தேதி, புதுக்கோட்டைச் சமஸ்தானத்துத் திருமயத்திலே பிறந்தார். ஒரே குன்றில் சிவாலயமும் விஷ்ணுவாலயமும் அருகருகே குடைந்தமைக்கப்பெற்ற பழம்பதி அது. தந்தையார் சுந்தர சாஸ்திரியார். அவர் இளமையிலேயே காலஞ்சென்றமையால், குடும்பப் பாரம் மூத்த மைந்தர்மேல் விழுந்தது. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிலும், பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும், சட்டக் கல்லூரியிலும் கற்று நியாயவாதியானார். பாதிரிமார் கல்லூரியிற் கற்றவர் யாவரும் தம் சமயத்தை இழப்பர் என்று நம்மவரிற் சிலர் இன்றுங் கூறுவர். அங்ஙனங் கற்றவருள் ஒருவனாகிய யான் அதனை ஒப்பேன். சத்தியமூர்த்தியாரும் அக்கல்விச்சாலையினின்று ஆங்கில வன்மையைக் கொண்டு வந்தாரேயன்றித் தம் ஆசாரத்தை அங்கு விட்டு வந்தாரல்லர்.

அவர்க்கு வாய்த்த பெருஞ்செல்வம் நாவன்மையே. சுகுணவிலாச சபையில் நாடகமாடிப் பயின்ற குரல் அது. தமிழிலும் ஆங்கிலத்திலும் மணிக்கணக்காகப் பேசவல்லவர். வடமொழிப் பயிற்சியும் உடையவர். 1919இல் காங்கிரஸின் தூதுக்குழுவினருடன் இங்கிலாந்து சென்றார். 1923இல் சுயராஜ்யக் கட்சியின் சார்பிற் சென்னைச் சட்டநிரூபண சபையிற் புகுந்தார். அச்சபையில் அரசாங்கத்தார்க்கு அவர் விடுத்த வினாக்கள் அம்புகள்போற் சென்று தைத்தன. ஆயினும் அவர் கொண்ட கொள்கையெல்லாம் எமக்கு உடன்பாடென்று கூறோம். தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முயன்றபோது இவர் எதிர்த்து நின்றார். அவ்விஷயத்தில் அம்மையார் பக்கமே நியாயம் இருந்தது.

1934ஆம் ஆண்டுத் தேர்தலிற் சர் ஏ. இராமசாமி முதலியாரை வென்று டெல்லி மத்திய சட்டசபைக்குச் சென்றார். மாகாணங்களிற் காங்கிரஸார் மந்திரிப் பதவி ஏற்றல் வேண்டுமென்று அக்காலத்தில் ஓயாது வாதித்தவர் இவரே. காங்கிரஸாருட் பலர் அதனை விரும்பாதிருந்த காலம் அது. 1937இல் நடந்த தேர்தலிற் சென்னைச் சட்டசபையின் 215 ஸ்தானங்களுள் 159ஐக் காங்கிரஸ் கைப்பற்றியது. தமிழ்நாட்டுக் காங்கிரஸின் தலைவராய் ஊர்தோறும் அலைந்து அவ்வெற்றிக்கு உழைத்தார் சத்தியமூர்த்தியார். அவர் நிற்க எண்ணியிருந்த பல்கலைக்கழகத் தொகுதியோ இராஜகோபாலாச்சாரியார்க்கு விடப்பட்டது. ஆச்சாரியார் பிரதம மந்திரியானார். மந்திரிப் பதவி வேண்டுமென்று வழக்காடியவர்க்கு மந்திரிசபையில் இடமில்லை. நெடுங்காலம் உழைத்த பாடசாலையில் தலைமைப் பதவி வேறொருவர்க்குச் செல்லக் கண்ட ஆசிரியர், அவர் மனநிலையை நன்கறிவர். அவர் கட்சியை விட்டு விலகவில்லை. டெல்லி சபைப் பணியைத் தொடர்ந்து செய்துவந்தார்.

அதன்பின் அவரை அடைந்தது ஒரு சிறு பதவி. 1939இற் சென்னை நகர மேயராகத் தெரிவுசெய்யப்பட்டார். சென்னைக் கார்ப்பரேஷன் 1688இல் தோன்றியது. இந்தியாவில் அதற்கு முற்பட்ட நகரசபை வேறில்லை. மேயர் பதவி அக்காலத்தில் ஓராண்டுக்கே உரியதாயிருந்தது; ஆடம்பரம் மிகுதி, அதிகாரம் குறைவு. அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில், யுத்தத்தின் காரணமாகக் காங்கிரஸ் மந்திரிசபைகள் இராஜிநாமாச் செய்துவிட்டன. மந்திரிகள் வீடு திரும்பினர். மந்திரியாகாதவர் மேயர் ஆசனத்தில் இருந்தார். மாகாணம் கவர்னரின் நேராட்சிக்கு உள்ளாயிற்று.

நகரிலோ நீர்ப்பஞ்சம். சென்னை மக்கள் செங்குன்றம் ஏரியையும் சோழவரம் ஏரியையுமே நம்பியிருந்தனர். அவ்வேரிகட்கு நீர் தருவது கொசஸ்தலையாறு. மழைகாலத்திற் பெருகிக் கடலிற் பாய்ந்து, வேனிலில் வறண்டு கிடக்கும் ஆறு அது. நம் அருவியாற்றைத் தேக்கத்தில் மறித்துக் கட்டுக்கரைக்குளத்திற்குத் திருப்பிய முன்னோரின் செயலை அறிந்த நமக்கு, அங்கே செய்ய வேண்டியது யாதென விளக்கவேண்டுவதில்லை. ஆற்றின் மேற்பாகத்தில், திருவள்ளூரை அடுத்த பூண்டியில், அணைகட்டி வெள்ளத்தைத் தேக்குதல் வேண்டும். யுத்தகாலத்திற் பணமும் பொருளும் பெறுதல் அரிது. அன்றியும், எவ்வரசாங்கத்தை வாழ்நாளெல்லாம் எதிர்த்துப் பேசினாரோ, அவ்வரசாங்கத்தின் இசைவே இப்போது வேண்டியதாயிற்று. கவர்னர் சர் ஆர்தர் ஹோப்பினிடம் வழக்கை எடுத்துரைத்து இசைவு பெற்றார். எதிர்த்தற்குப் பயின்ற நா இணக்குதற்கும் பயன்பட்டது. அவர் பேச்சனைத்தினும் பயன்மிக்கது இதுவே என்பது எமது துணிபு. 1940இல் கவர்னரே அணைக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார்.

அதே 1940இல் நிகழ்ந்த மற்றொன்றும் ஆசிரியர் அறியத்தக்கது. 1936இற் சத்தியமூர்த்தியார் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் தலைவரானபோது, விருதுநகர்க் காமராஜரைக் காரியதரிசியாக வைத்துக்கொண்டார். 1940இற் காமராஜர் தலைவராகத் தெரிவுசெய்யப்பட்டார். ஆசானாகிய சத்தியமூர்த்தியார், தம் மாணாக்கரின் கீழ்க் காரியதரிசியாக இருக்க இசைந்தார். மாணாக்கன் தன்னினும் உயர்தல் கண்டு மகிழ்வேமென்று நாம் வாயாற் சொல்லுதல் எளிது. அவன்கீழ் ஏவல் செய்தல் எளிதன்று.

1942ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திற் பம்பாய்க் காங்கிரஸ் மகாசபையினின்று மீண்டபோது கைதியாக்கப்பட்டார். தொலைவிலுள்ள அமராவதிச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். முன்னமே நோயுற்றிருந்த உடல், முதுகெலும்பிற் பட்ட ஊறு காரணமாகச் சீர்குலைந்தது. 1943ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 28ஆந் தேதி, சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் உயிர் நீத்தார். வயது ஐம்பத்தைந்து. 1944இல் அணை நிறைவெய்தியது. அந்நீர்நிலை பின்னாளிற் சத்தியமூர்த்தி சாகரம் என்று பெயர்பெற்றது. அதன் கொள்ளளவு இன்று 3,231 மில்லியன் கன அடி.

அவ்வேரியின் வரலாற்றிற் சைவர் அறியவேண்டியதொன்று உண்டு. நீர் தேங்கிய நிலத்தில் இருந்தது திருவெண்பாக்கம். திருவொற்றியூரிற் சங்கிலியார்க்குச் செய்த சபதம் பிழைத்துக் கண்ணிழந்த சுந்தரமூர்த்தி சுவாமிகள், அங்கே ஊன்றுகோல் பெற்றார். நம் பாலாவிக் கரையிலுள்ள திருக்கேதீச்சரத்தைப் பாடிய சுந்தரரே, அவ்வூரையும் பாடினார். பாடல்பெற்ற தலமொன்று நீருக்கு இடங்கொடுத்ததென்று கேட்டபோது எம்மனம் முதலில் வருந்தியது. பறங்கியர் திருக்கேதீச்சரத்தை இடித்த கதை நம்மூர்க் குழந்தைகளும் அறிவர். நம் ஆலயத்தை இடித்தவர் அதனை மீண்டும் எழுப்ப நினைத்தாரல்லர். திருவெண்பாக்கத்து மூர்த்தியோ ஏரிக்கரைக்கு எழுந்தருளப்பெற்று, புதிய ஆலயம் அமைக்கப்பட்டு, 1968இற் கும்பாபிஷேகமும் நிறைவேறியது. மக்கள் தாகந் தீர்க்கும் பொருட்டு இறைவன் இடம் பெயர்ந்ததில் இழுக்கில்லையென்றே இப்போது யான் கருதுகின்றேன். மாறாகக் கருதுவாரும் நம்முள் உளர். ஊன்றீசர் என்னும் திருநாமத்துடன், அவர் இன்று பூண்டியில் அந்நீர்ப்பரப்பின் கரையிலே வீற்றிருக்கின்றார்.