நகரும் சுவர்கள்: கெரிற் றீற்வெல்ட் கட்டிய வீடு

வீடு கட்டுவோர் பெரும்பாலும் குடிபுகும் நாளையே மனத்திற்கொண்டு கட்டுகின்றனர். அன்று குடும்பம் எந்நிலையில் இருக்கின்றதோ அந்நிலைக்கேற்ப அறைகள் வகுக்கப்படுகின்றன. குடும்பமோ என்றும் ஒரு நிலையில் நிற்பதன்று. குழந்தைகள் வளர்வர், மணமாகிப் பிரிவர், வருவாய் குன்றும், முதுமை வந்து சேரும். சுவர்கள் மட்டும் அசையாது நிற்கும். இம்முரண்பாட்டுக்குத் தம் கைவினையால் விடை தேடியவர் ஒல்லாந்து நாட்டுத் தச்சர் மகன் கெரிற் றீற்வெல்ட்.

அவர் 1888ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் உத்திரெக்ட் நகரிற் பிறந்தார். இளமையிலேயே பள்ளியை விடுத்துத் தந்தையின் தச்சுப் பட்டறையிற் புகுந்தார். பகலில் இழைப்புளியும் இரவில் வரைதல் வகுப்புமாக அவர் இளமை கழிந்தது. 1911இல் மணமுடித்து ஆறு பிள்ளைகளுக்குத் தந்தையானார். 1917இற் சொந்தப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். நேரிய சட்டங்களையும் இரண்டு பலகைகளையும் இணைத்து அங்கு அவர் செய்த கதிரை, பின்னர் சிவப்பும் நீலமும் பூசப்பெற்று உலகப் புகழ் எய்தியது. ஒரு பொருளின் ஒவ்வோர் உறுப்பும் தன் தொழிலை ஒளியாமற் காட்டி நிற்கவேண்டும் என்பதே அவர் கொள்கை. அதே கொள்கையை அவர் வீட்டிற்குப் பெயர்ப்பதற்கு ஒரு பெண்மணியின் துணிவு வேண்டியிருந்தது.

அப்பெண்மணி துரூஸ் ஷ்ரோடர். மருந்தியல் பயின்றவர், வழக்கறிஞர் ஒருவரின் மனைவி. 1921இல் அவருடைய பழைய வீட்டில் ஓர் அறையை றீற்வெல்ட் புதுக்கிக் கொடுத்திருந்தார். 1923இற் கணவர் இறந்தார். ஒரு மகனும் இரு மகள்மாருமாக மூன்று பிள்ளைகளுடன் தனித்து நின்ற அவர், அடைத்துப் பூட்டிய அறைகளிற் பிள்ளைகளைப் பிரித்து வளர்க்க விரும்பவில்லை. தம்மோடு ஒரே வெளியில் இருந்து, பெரியோர் பேசுவதைக் கேட்டும் உடன் உரையாடியும் அவர்கள் வளரவேண்டும் என்பது அவர் எண்ணம். மேல்தளத்துச் சுவர்களையும் நீக்கிவிடலாமா என்று அவர் வினவியபோது, றீற்வெல்ட் மகிழ்ந்து இசைந்தார். பிள்ளைகளுக்குத் தனிமையும் சில வேளை தேவை என்பதனால், சுவருக்குப் பதிலாக நகரும் தடுப்புக்கள் அமைந்தன.

1924இல், செங்கல் வீடுகள் வரிசையாக நிற்கும் தெருவொன்றின் கோடியில் இச்சிறு வீடு எழுந்தது. சீமெந்துக் கொங்கிறீற்றாற் கட்ட எண்ணினும், செலவு மிகுதியாதலாற் பெரும்பகுதி செங்கல்லும் சாந்துமாகவே அமைந்தது. அக்காலக் கட்டட விதிகள் சுவரற்ற மேல்தளத்தை வாழிடமாக ஏற்கா. ஆதலால் அது வரைபடத்திற் பரண் என்றே குறிக்கப்பட்டது. பகலில் தடுப்புக்களைத் தள்ளிவிட்டால் மேல்தளம் முழுவதும் ஒரே கூடமாகும். இரவில் அவற்றை இழுத்தால் மகனுக்கோர் அறை, மகள்மாருக்கோர் அறை, நடுவே இருக்கை அறை எனப் பிரியும். உணவுமேசை அருகே மூலைச் சாளரத்தைத் திறந்தால் வீட்டின் மூலையே மறைந்து, வெளியும் உள்ளும் ஒன்றாகும். கீழிருந்து உணவை மேலேற்ற ஒரு சிறு தூக்குப்பெட்டியும் இருந்தது. கீழ்த்தளத்தில் மோட்டார் வண்டிக்கென ஒதுக்கிய அறையில் வண்டி நிற்கவில்லை. றீற்வெல்ட் அதையே தம் தொழிலகமாக்கிக் கொண்டார்.

இவ்வமைப்புக்கு விலையும் இருந்தது. மெல்லிய தடுப்புக்கள் ஓசையை மறைக்கமாட்டா. மாலைதோறும் அவற்றை இழுத்துப் பொருத்துவதும் ஒரு வேலையே. விநோதமான வீட்டில் வாழ்கின்றோம் என்ற கேலியைப் பிள்ளைகள் பள்ளியிற் கேட்க நேர்ந்தது. ஆயினும் இளைய மகள் பின்னாளிற் கட்டடக் கலைஞரானார் என்பது நினைக்கத்தக்கது.

பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராகப் பிரிந்தபின்னரே வீட்டின் உண்மையான ஆற்றல் வெளிப்பட்டது. சமையலறை மேல்தளத்துக்கு மாறியது. கீழறைகள் வாடகைக்கு விடப்பட்டன. கூரைமேல் ஓர் அறை எழுந்தது. தேவை தீர்ந்தபின் அகற்றவும்பட்டது. குடும்பத்துக்கென எழுந்த வீடு, தொழிலகமாகவும் வருவாய் தரும் இடமாகவும் தனித்து வாழும் முதியவளின் இல்லமாகவும் உருமாறிற்று.

றீற்வெல்ட்டின் வாழ்வும் நேர்கோடாகச் செல்லவில்லை. ஷ்ரோடருடன் அவருக்கிருந்த உறவு தொழிலோடு நின்றதன்று. மனைவிமக்களைக் கொண்ட அவர் இல்லத்தில் அது துயரின்றி இருந்திருக்கமுடியாது. யேர்மானியர் ஒல்லாந்தை ஆண்ட காலத்தில் அவர்களுடைய கலைஞர் மன்றிற் பெயர் பதிய மறுத்துத் தொழிலிழந்தார். போருக்குப் பின்னரே பெரும் பணிகள் அவரை நாடி வந்தன. 1957இல் மனைவி மறைய, மறு ஆண்டு தாமே கட்டிய அவ்வீட்டிற் குடிபுகுந்தார். இளங்குழந்தைகளுக்கென வகுத்த வீடு தன்னைக் கட்டியவரின் முதுமைக்கும் இடமளித்தது. 76ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள், 1964 ஜூன் 25இல், அவர் காலமானார்.

ஷ்ரோடர் 1985இல் மறையும் வரை, ஏறக்குறைய அறுபது ஆண்டுகள், அங்கேயே வாழ்ந்தார். நீண்டகாலம் இவ்வீடு றீற்வெல்ட் ஒருவரின் படைப்பாகவே பேசப்பட்டது. ஆயினும் சுவரை நீக்குமாறு கேட்டவர் அவர் அல்லர் என்பதை மறத்தல் தகாது. 2000ஆம் ஆண்டில் இது உலக மரபுச் சின்னமாக்கப்பட்டது. இன்று பழைய வண்ணங்களுடன் 1920களின் தோற்றத்திற் காட்சியளிக்கின்றது. அதன் தடுப்புக்கள் பார்வையாளருக்காகவே நகர்கின்றன.

மாறுவதற்கெனக் கட்டிய வீடு இன்று மாறாமற் காக்கப்படுகின்றது. அதன் பெருமை வண்ணத்தில் இல்லை. அங்கு வாழ்ந்தோரின் நாளை எவ்வாறிருக்கும் என்பதைத் தாம் அறியோம் என்ற அடக்கத்துடன் அது கட்டப்பட்டதிலேயே உள்ளது.