புதுக்கோட்டைக்குப் பொலிவு தந்த திவான்

வெளியூரிலிருந்து முதன்முறையாகப் புதுக்கோட்டைக்கு வருபவர்கள் வழி கேட்டுத் திண்டாடுவதில்லை. நகரின் நடுவே பழைய அரண்மனை. அதனைச் சுற்றிக் கீழ ராஜ வீதி, மேல ராஜ வீதி, வடக்கு ராஜ வீதி, தெற்கு ராஜ வீதி என நான்கு வீதிகள். அவற்றுக்கு அப்பால் இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி, நான்காம் வீதி என்று எண்ணிட்ட வீதிகள். எண்ணத் தெரிந்த சிறு குழந்தையும் இங்கே வீடு போய்ச் சேர்ந்துவிடும். புள்ளி வைத்துப் போட்ட கோலம் போல் நேர்க்கோடுகளாய் விளங்கும் இந்த ஊர் தானாக வளர்ந்த ஊர் அன்று. சிந்தித்து அமைத்த ஊர்.

1812-ஆம் ஆண்டில் ஏற்பட்ட பெருந்தீயில் பழைய ஊர் அழிந்தது. அப்போது ஆண்ட விஜய ரகுநாத தொண்டைமான், தஞ்சையில் ரெசிடெண்டாக இருந்த மேஜர் பிளாக்பர்ன் என்பவரின் ஆலோசனையைப் பெற்று, அகன்ற வீதிகளுடன் ஊரை மீண்டும் எழுப்பினார். கூரை வீடுகள் நெருங்கி நின்றால் ஒரு பொறி ஊரையே எரித்துவிடும். வீதி அகலமாக இருந்தால் தீ தாண்டாது. காற்றும் வெளிச்சமும் தாராளமாக வரும். தீமையிலிருந்து நன்மை பிறந்த கதை இது. ஆயினும் அரை நூற்றாண்டு கழிந்தபின் குளங்கள் தூர்ந்து, கருவூலம் வறண்டு, ஊர் தன் பொலிவை இழந்து நின்றது. அந்நிலையில் வந்து அதற்குப் புத்துயிர் ஊட்டிய பெருமகனார்தாம் சர் அ. சேஷய்யா சாஸ்திரியார்.

இளமையும் கல்வியும்

சாஸ்திரியார் 1828-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த அமராவதி என்னும் சிற்றூரில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். உறவினர் ஒருவரின் ஆதரவால் சிறு வயதிலேயே சென்னைக்குச் சென்று படிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. 1841-இல் தொடங்கப்பட்டு, பின்னாளில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்த சென்னை உயர்நிலைப் பள்ளியில் அவர் பயின்றார். அங்கே பவல் துரை என்னும் நல்லாசிரியர் இருந்தார். பிற்காலத்தில் திருவிதாங்கூர், இந்தூர், பரோடா ஆகிய மூன்று சமஸ்தானங்களில் திவானாக விளங்கிய டி. மாதவ ராவும் அதே ஆசிரியரிடம் பயின்றவரே. ஒரு நல்ல ஆசிரியரின் நிழலில் எத்தனை விருட்சங்கள் வளரும் என்பதற்கு இப்பள்ளி சான்றாகும்.

1848-இல் படிப்பை முடித்த சாஸ்திரியார் வருவாய்த் துறை அலுவலகத்தில் ஒரு குமாஸ்தாவாகச் சேர்ந்தார். பின்னர் மசூலிப்பட்டினத்தில் தலைமை சிரஸ்தார் பதவி வரை உயர்ந்தார். நில அளவு, தீர்வை, மகசூல், பாசனம் என்பவையெல்லாம் அவருக்கு ஏட்டுக் கல்வியாக வரவில்லை. கிராமக் கணக்குகளைப் புரட்டிப் புரட்டியே அவர் அவற்றைக் கற்றார்.

திருவிதாங்கூரில்

1872-ஆம் ஆண்டு அவர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் திவானானார். அவருடைய ஆட்சிக் காலத்தில், 1875-இல், அந்நாட்டில் முறையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. சுமார் 23 லட்சம் மக்கள் இருப்பது அதனால் தெரியவந்தது. இது சிறிய காரியமாகத் தோன்றலாம். ஆனால் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று அறியாமல் எத்தனை கிணறு, எத்தனை பள்ளி, எத்தனை மருத்துவமனை வேண்டும் என்று எவ்வாறு முடிவு செய்வது? பந்தியில் உட்காருபவர் எத்தனை பேர் என்று தெரிந்த பிறகுதானே உலையில் அரிசி போட வேண்டும்? 1877-இல் அவர் அப்பதவியிலிருந்து விலகினார்.

புதுக்கோட்டைக்கு வருகை

அடுத்த ஆண்டே, மாதவ ராவின் பரிந்துரையால், புதுக்கோட்டை மன்னர் இராமச்சந்திர தொண்டைமான் அவரை அழைத்துக்கொண்டார். அதுவரை இங்கே தலைமை அமைச்சருக்குச் சர்க்கேல் என்று பெயர். சாஸ்திரியார் காலம் முதல் அது திவான் என மாறியது. அப்போது அவருக்கு வயது 50.

அவர் வந்த நேரம் நல்ல நேரம் அன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய கொடிய பஞ்சம் அப்போதுதான் ஓயத் தொடங்கியிருந்தது. அரண்மனைக்குக் கடன் சுமை. விளைச்சலில் பங்கு பெறும் பழைய அமானி முறையில், களத்து நெல்லில் ஒரு பகுதி அரசுக்கும் போகாமல் உழவனுக்கும் போகாமல் நடுவிலே மறைந்தது. பெரிய திவான் பதவியைப் பார்த்தவர் சிறிய சமஸ்தானம் என்று இதனைத் தள்ளியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல் 16 ஆண்டுகளை இவ்வூருக்கே அளித்தார்.

தண்ணீரே முதல்

புதுக்கோட்டைச் சீமையில் ஆண்டு முழுவதும் நீரோடும் பேராறு கிடையாது. வெள்ளாறு மழைக்காலத்தில் மட்டும் பெருகும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையைத் தேக்கி வைத்தால் உண்டு, இல்லையேல் இல்லை. ஆகவேதான் நம் முன்னோர் கண்மாய், ஏந்தல், ஊருணி, குளம் என்று பல பெயரிட்டு நீர்நிலைகளை வெட்டினர். மேட்டிலிருந்து வரத்துக்கால் வழியே நீர் வரும். நிரம்பினால் கலிங்கு வழியே அடுத்த நீர்நிலைக்குப் போகும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கீழே உள்ள குளங்கள் வறண்டுவிடும்.

இதனை நன்கு அறிந்த சாஸ்திரியார் நகரைச் சீர்திருத்தப் புகுந்தபோது நீர்நிலைகளில் தனிக் கவனம் செலுத்தினார். அவருடைய யோசனையின்படி புதுக்குளம் புதுப்பிக்கப்பட்டது. சாந்தநாத சுவாமி கோயிலுக்கு அருகிலுள்ள பல்லவன் குளமும், நகரிலும் நாட்டிலும் இருந்த வேறு பல குளங்களும் செப்பனிடப்பட்டன. பஞ்சத்தைக் கண்ணால் கண்ட ஒரு தலைமுறைக்கு, தெளிந்த நீர் நிறைந்த ஒரு குளம் எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

அதன்பின் கட்டடங்கள் எழுந்தன. 1884-இல் தபால் தந்தி நிலையம் கட்டப்பட்டது. அரசு அலுவலகங்களுக்கெனப் பொது அலுவலகக் கட்டடம் அமைந்தது. பழைய அரண்மனை பழுது பார்க்கப்பட்டது. 1857-இல் ஆங்கிலப் பள்ளியாகத் தோன்றிய நிறுவனம் 1880-இல் கல்லூரியாக உயர்ந்தது. அதுவே பிற்காலத்தில் மன்னர் கல்லூரி என்று பெயர் பெற்றது. பழைய கோயில்களும் கவனிக்கப்பட்டன. இருந்த வீதிகளை அழிக்காமல், இருந்த குளங்களைத் தூர்க்காமல், உள்ளதைச் சீராக்கி இல்லாததைச் சேர்த்ததே அவருடைய முறையின் சிறப்பு.

கசப்பான மருந்து

ஊர் அழகானது என்ற அளவில் அவர் வரலாற்றை முடித்துவிடுவது முறையாகாது. பணமின்றி எந்தப் பணியும் நடவாது. அமானி முறையை நீக்கி, நிலத்துக்குப் பணமாகத் தீர்வை கட்டும் முறையை அவர் கொண்டுவந்தார். 1888-இல் இனாம் நிலங்களை ஒழுங்கு செய்தார். அரண்மனைக்கும் கோயிலுக்கும் ஊருக்கும் ஊழியம் செய்வதற்காக மானியமாக நிலம் அனுபவித்து வந்தவர்கள் ஏராளமானோர். தேவையற்றவை எனக் கருதப்பட்ட ஊழியங்கள் நீக்கப்பட்டு, அந்நிலங்களுக்கு வரி விதிக்கப்பட்டது. கணக்கு நேரானது, கருவூலம் நிறைந்தது. ஆயினும் மன்னருக்குத் தலைமுறை தலைமுறையாகச் செய்த ஊழியமே தங்கள் பெருமை என்று வாழ்ந்த குடும்பங்களுக்கு அது வருத்தம் தந்திருக்கும். ஒரு நகரத்தைச் சீர்படுத்தும்போது யாருக்கு நன்மை, யாருக்கு இழப்பு என்ற இரண்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

இளம் மன்னரின் காவலர்

1886-இல் இராமச்சந்திர தொண்டைமான் காலமானார். அவருடைய மகள் வயிற்றுப் பேரரும் சுவீகாரப் புத்திரருமான மார்த்தாண்ட பைரவ தொண்டைமானுக்கு அப்போது வயது 10. பாலகர் வளர்ந்து பொறுப்பேற்கும் வரை சாஸ்திரியாரே ஆட்சிக் காவலராக இருந்தார். எட்டு ஆண்டுகள் நாட்டின் முழு அதிகாரமும் அவர் கையில் இருந்தது. 1894-இல் இளம் மன்னரிடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெற்றார். கும்பகோணத்தில் எஞ்சிய நாட்களைக் கழித்து, 1903-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள், தமது 75-ஆம் வயதில் இயற்கை எய்தினார். ஆங்கில அரசு அவருக்குச் சர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது.

இன்று இது ஒரு படிப்பு

சாஸ்திரியார் நகர அமைப்பைக் கல்லூரியில் பயின்றவர் அல்லர். அக்காலத்தில் அப்படியொரு படிப்பும் இல்லை. அவருக்குப் பின், 1914-இல், ஸ்காட்லாந்து நாட்டவரான பாட்ரிக் கெடஸ் இந்தியாவுக்கு வந்தார். தாவரவியல் பேராசிரியரான அவர், நகரத்தையும் ஓர் உயிராகவே கண்டார். சென்னை மாகாணத்து ஊர்கள் பலவற்றைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்து 1915-இல் அறிக்கைகள் எழுதினார். வீடுகளை வீணாக இடிக்கலாகாது என்றும், கொசுவுக்கு அஞ்சிக் குளத்தைத் தூர்க்கலாகாது என்றும், தூய்மையாக வைத்து மீன் வளர்த்தால் போதும் என்றும் வற்புறுத்தினார். நம் திவானின் செயலும் அந்த அறிஞரின் கொள்கையும் எவ்வளவு பொருந்துகின்றன பாருங்கள்! கெடஸ் 1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி இக்கலையை மாணவர்களுக்குக் கற்பித்தார்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1960-இல் நகர வடிவமைப்புக்கெனத் தனிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. நம் நாட்டில் டெல்லியிலுள்ள திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளியில் இது முதுநிலைப் படிப்பாக உள்ளது. சென்னையில் 1957-இல் தோன்றிய கட்டடக்கலைத் துறை இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளியாக விளங்குகிறது. மேல்நிலைப் பள்ளியில் கணிதம் எடுத்துப் படித்து, நுழைவுத் தேர்வில் தேறி, ஐந்து ஆண்டுகள் கட்டடக்கலை பயின்றால், அதன்மேல் இரண்டு ஆண்டுகள் நகர வடிவமைப்பில் முதுநிலை பயிலலாம். ஒரு தனிக் கட்டடத்தைப் பார்க்கும் கண், இப்படிப்பில் வீதியையும் சந்தையையும் குளத்தையும் நடைபாதையையும் சேர்த்துப் பார்க்கப் பழகுகிறது. கைக்குழந்தையோடு சாலையைக் கடக்கும் தாய், மாலையில் தனியே வீடு திரும்பும் மாணவி, உட்கார நிழல் தேடும் முதியவர் ஆகியோருக்கு ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று வரைபடத்தில் சிந்திப்பதே அக்கல்வியின் உயிர்நாடி.

நமது கடமை

அன்பார்ந்த சகோதரிகளே! சாஸ்திரியார் இங்கே ஆட்சி செய்த நாளில், 1886-இல், இதே புதுக்கோட்டையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவரே பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் அடியெடுத்து வைத்த முதல் மாணவி அவர். மன்னரின் தனி அனுமதியோடுதான் அன்று அது நிகழ முடிந்தது. இன்று கட்டடக்கலைக் கல்லூரி வாயிலில் நாம் எந்த மன்னரின் அனுமதியையும் கேட்க வேண்டியதில்லை.

1974-இல் தனி மாவட்டத்தின் தலைநகராகி, 2024-இல் மாநகராட்சியாகவும் உயர்ந்த நம் நகர் நாளுக்கு நாள் விரிகிறது. புதிய மனைகள் வயல்களில் எழுகின்றன. வரத்துக்கால் ஓடிய இடத்தில் சுவர் எழுந்தால் மழைநீர் குளத்துக்குப் போகாமல் வீட்டுக்குள் வரும். கோடையிலோ குளம் வறண்டு கிடக்கும். குப்பை கொட்டும் பள்ளமாக ஒரு குளத்தை மாற்றச் சில ஆண்டுகள் போதும். அதை மீட்க ஒரு சேஷய்யா சாஸ்திரி வேண்டும்.

ஆண்டவர் அளித்த தாலந்தை மண்ணில் புதைத்து வைத்த ஊழியனின் உவமையை நாம் மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். கணிதத்தில் ஆர்வமும், ஓவியத்தில் கைத்திறனும், பிறர்பால் அன்பும் நம்மில் பலருக்கு உண்டு. இம்மூன்றும் ஒன்று சேரும் துறை நகர வடிவமைப்பு. குமாஸ்தாவாகத் தொடங்கிய ஓர் ஏழைச் சிறுவர் ஒரு நகருக்கே தண்ணீரும் பொலிவும் தந்தார் எனில், நம்மால் இயலாதது என்ன? மருத்துவராகவும் ஆசிரியையாகவும் விரும்பும் தோழியருக்கு நடுவே, ஊரை அமைக்கப் போகிறேன் என்று சொல்லும் மாணவிகளும் எழட்டும். அதுவரை, நம் தெருக்கோடியில் இருக்கும் குளத்தில் ஒரு காகிதத் துண்டும் போடாமல் இருப்போம். அந்தப் பெரியாருக்கு நாம் செலுத்தக்கூடிய முதல் நன்றி அதுவே.