ஹால்டேனும் இரட்டித்த பரம்பரையலகும்

குருதி பற்றிய ஒரு கதையோடுதான் ஹால்டேனின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். குழந்தைப் பருவத்தில் நெற்றியிற் காயம்பட்டு இரத்தம் வழிய, அழுகையை விடுத்து, இதிலுள்ளது எவ்வகை ஈமோகுளோபின் என்று வினவினாராம். கதை மெய்யோ பொய்யோ, தந்தையார் குருதியின் வாயுக்களை ஆராய்ந்த உடலியலறிஞர் ஆகலின், அவ்வீட்டில் அது நடக்கக்கூடியதே.

1892 இல் ஒக்ஸ்போட்டிற் பிறந்த ஜே. பி. எஸ். ஹால்டேன், விஞ்ஞானப் பட்டம் எதுவும் பெற்றவரல்லர். கணிதமும் கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களும் கற்றுத் தேறியவர். பட்டத்தைக் கொண்டே புலமையை அளக்கும் நம்மவர் இதனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் தகும்.

கூர்ப்பின் காரணங்களைப் பற்றி 1932 இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். ஒரு பரம்பரையலகு தற்செயலாக இரட்டித்துவிட்டால், ஒன்று பழைய தொழிலைச் செய்ய, மற்றது உயிருக்குக் கேடின்றி மாறலாம் என்ற கருத்தை அக்காலத்திலேயே அவர் முன்வைத்தார். நம் குடாநாட்டு வளவொன்றை நினைத்துக்கொள்க. நன்னீர்க் கிணறு ஒன்றேயாயின் அதனைக் குடிநீருக்கெனக் காத்தல் வேண்டும். இரண்டாவதும் வாய்த்தால், அதிலே துலா நாட்டிப் புகையிலைக்கு இறைக்கலாம். அது தூர்ந்துபோயினும் வீட்டார் தாகத்தால் வருந்தார். இரட்டித்த அலகுகளுட் பெரும்பாலானவை தூர்ந்தே போகின்றன. பிழைத்தவற்றுட் சில, வேறு வேளையிலும் வேறு உறுப்பிலும் தொழிற்படப் பழகுகின்றன.

சிறந்த சான்று அந்த ஈமோகுளோபினேயாகும். நமது 11 ஆம் நிறமூர்த்தத்தில், ஒரே மூதாதை அலகிலிருந்து இரட்டித்து இரட்டித்துப் பெருகிய அலகுகள் அருகருகே உள்ளன. ஒன்று முளையத்தில் தொழிற்படும். வேறு இரண்டு, பின்னர் கருப்பையில் வளருங் காலத்தில். இவை ஆக்கும் ஈமோகுளோபின் ஒட்சிசனை இறுகப் பற்றுவதால், தாயின் குருதியிலிருந்து அதனைப் பெறச் சேய்க்கு இயலுகிறது. பிறந்தபின் இவை மெல்ல அடங்க, வளர்ந்தோர்க்குரிய அலகு பொறுப்பேற்கும். அவ்வலகு பழுதானதே தலசீமியாவின் ஒருவகை. ஆதலாற்றான் நோயுள்ள குழந்தை நலமாகவே பிறந்து, சில மாதங்கள் கழிந்தே வெளிறத் தொடங்குகிறது. பெற்றோர் திகைப்பு சொல்லுந்தரமன்று.

இத்தகைய கொடிய நோய் மலேரியா மிகுந்த நாடுகளில் ஏன் நிலைத்தது? பழுதான அலகு ஒன்றை மட்டும் உடையோர் மலேரியாவை எதிர்த்து நிற்றல் கூடுமென 1949 இல் ஹால்டேன் எழுதினார். பிற்கால ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தின.

சூயெஸ் படையெடுப்பைக் கண்டித்து 1957 இல் கல்கத்தாவுக்கு வந்தவர், வேட்டியும் மரக்கறியுணவுமாக இந்தியக் குடிமகனாகவே ஆகிவிட்டார். தென்னையோலைகள் இடஞ்சுழியாயும் வலஞ்சுழியாயும் அமைவதை ரீ. ஏ. டேவிஸ் ஆராய்ந்தபோது ஊக்கமளித்தவரும் இவரே. புவனேஸ்வரில் ஆய்வுகூடம் அமைத்து, 1964 டிசம்பர் 1 இல் புற்றுநோயால் மறைந்தார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது.

இரட்டிப்பே கூர்ப்பின் பெருவழி என ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ 1970 இல் தனிநூலே எழுதினார். அடங்கிக்கிடக்கும் கருப்பருவ அலகை மீண்டும் எழுப்பித் தலசீமியாவுக்கு மருத்துவஞ் செய்யும் முறையைப் பிரித்தானியா 2023 இல் அங்கீகரித்தது.