மடிப்புக்கு உரியவர்

தையல் வகுப்பில் சுருக்குப் பிடித்தும் மடிப்பு வைத்தும் பழகிய நாம் ஹென்றியெற் நீக்ரின் அம்மையாரை அறிவது நன்று. 1877 இல் பிரான்சில் பிறந்தவர். வெனிஸ் நகரில் ஓவியர் மரியானோ போர்த்துனியின் துணைவியாய் வாழ்ந்தவர்.

பண்டைய கிரேக்கச் சிலைகளின் உடையைப் பார்த்து அங்கே உருவானது டெல்போஸ் அங்கி. மெல்லிய பட்டு முழுவதும் நுண்ணிய மடிப்புகள். பக்கத் தையலில் முரானோ கண்ணாடி மணிகள். கயிறுபோல் முறுக்கிப் பெட்டியில் வைத்தாலும் மடிப்புக் கலையாது.

1909 இல் ஆக்கவுரிமை போர்த்துனியின் பெயரில் பதிவாயிற்று. கண்டுபிடித்தவர் ஹென்றியெற்றே என அவர் அப்பத்திரத்தில் கைப்பட எழுதிவைத்தார். உலகமோ அவரையே புகழ்ந்தது. 1949 இல் அவர் மறைந்தபின் அம்மையார் அந்த அங்கி தைப்பதை நிறுத்தினார். 1965 இல் காலமானார்.

தைத்த ஒவ்வொரு மாதிரியின் கீழும் எமது பெயரை எழுதவைத்த ஆசிரியைகளை நன்றியுடன் நினைக்கின்றோம்.