எல்லாப்பிரகடா சுப்பாராவ்

எல்லாப்பிரகடா சுப்பாராவ் (ஜனவரி 12, 1895 – ஆகஸ்ட் 1948) ஓர் இந்திய உயிர்வேதியியலாளர். சென்னையில் மருத்துவம் பயின்ற இவர் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலும், பின்னர் லெடர்லே ஆய்வகத்திலும் பணியாற்றினார். சைரஸ் ஃபிஸ்கே என்பவருடன் இணைந்து 1925-இல் இவர் வெளியிட்ட, பாஸ்பரஸை அளவிடும் முறை பற்றிய கட்டுரை, அறிவியல் வரலாற்றில் மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளுள் ஒன்று. தசையின் ஆற்றல் பொருள்களான பாஸ்போகிரியாட்டின், அடினோசின் முப்பாஸ்பேட்டு (ஏ.டி.பி.) ஆகியவற்றைக் கண்டறிந்ததிலும் இவருக்குப் பங்குண்டு. ஃபோலிக் அமிலம், அமினோப்டெரின், மெத்தோட்ரெக்சேட், யானைக்கால் நோய்க்கான டைஎதில்கார்பமசின், ஆரியோமைசின் ஆகிய மருந்துகள் இவர் தலைமை வகித்த ஆய்வகத்தில் உருவானவை. எனினும் இவற்றுள் பலவற்றை உலகுக்கு அறிவித்த கட்டுரைகளில் இவர் பெயர் முதலிடத்தில் இல்லை. சிலவற்றில் இடம்பெறவே இல்லை.

இளமையும் கல்வியும்

சுப்பாராவ் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். குடும்பம் வறுமையில் இருந்தது. தந்தை இறந்த பின்னர் தாய் வெங்கம்மா தம் நகைகளை விற்று மகனைப் படிக்க வைத்தார். படிப்பில் நாட்டமின்றித் திரிந்த சுப்பாராவ், சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியில் சேர்ந்து மூன்றாம் முயற்சியிலேயே மெட்ரிகுலேசன் தேர்வில் தேறினார். மாநிலக் கல்லூரியில் இண்டர்மீடியட் முடித்தபின் துறவியாக எண்ணி இராமகிருஷ்ண மடத்தை நாடினார். தாய் அதற்கு இசையவில்லை. மடத்தைச் சேர்ந்தவர்களே மருத்துவம் படிக்குமாறு அறிவுறுத்த, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் இவர் கதர்த் துணியாலான அறுவை அங்கியை அணிந்தது பேராசிரியர் பிராட்ஃபீல்டின் சினத்துக்கு உள்ளானது. எழுத்துத் தேர்வுகளில் நன்கு எழுதியிருந்தும் இவருக்கு முழு எம்.பி.பி.எஸ். பட்டம் தரப்படவில்லை, அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. ஆகவே சென்னை மருத்துவப் பணியில் சேர இயலாமல், ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூற்றியல் விரிவுரையாளர் ஆனார்.

இவருடைய உடன்பிறந்தார் இருவர் ஸ்ப்ரூ எனப்படும் வெப்பமண்டலக் குடல்நோயால் சில நாட்கள் இடைவெளியில் இறந்தனர். இவரையும் அந்நோய் தாக்கியது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையால் பிழைத்தார். குடற்சுவர் சத்துகளை உறிஞ்ச இயலாமல் போய், இரத்தசோகை முற்றி நோயாளி மெலியும் நோய் அது. அதற்குக் காரணம் அப்போது எவருக்கும் தெரியாது.

ஹார்வர்டும் பாஸ்பரஸ் கட்டுரையும்

மாமனாரும் காக்கிநாடாவைச் சேர்ந்த அறக்கட்டளை ஒன்றும் அளித்த பொருளுதவியுடன் 1920களின் தொடக்கத்தில் சுப்பாராவ் பாஸ்டன் நகரை அடைந்தார். மனைவி சேஷகிரியை அதன்பின் அவர் பார்க்கவேயில்லை. மருத்துவமனையில் இரவுநேர எடுபிடி வேலை செய்துகொண்டே ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவப் பட்டயம் பெற்றார். பிறகு ஆட்டோ ஃபோலின் தலைமையிலிருந்த உயிர்வேதியியல் துறையில் சேர்ந்து, அங்குப் பணியாற்றிய ஃபிஸ்கேயுடன் ஆய்வைத் தொடங்கினார்.

இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பேட்டை அளப்பது அக்காலத்தில் கடினமான வேலை. பழைய முறைகளில் நிறம் நிலைத்து நிற்காது. பிற பொருள்களின் குறுக்கீடும் இருந்தது. ஃபிஸ்கே–சுப்பாராவ் முறையில் முதலில் புரதம் நீக்கப்படுகிறது. அமிலக் கரைசலில் பாஸ்பேட்டு மாலிப்டேட்டுடன் சேர்ந்து பாஸ்போமாலிப்டேட்டு ஆகிறது. அமினோநாஃப்தால்சல்ஃபானிக் அமிலம் அதனை ஒடுக்கும்போது நீலநிறம் தோன்றுகிறது. நீலத்தின் அடர்த்தி பாஸ்பேட்டின் அளவைக் காட்டும். எளிய நிறமானியும் சில வேதிப்பொருள்களும் இருந்தால் போதும். 1925 டிசம்பரில் உயிர்வேதியியல் இதழின் 66-ஆம் தொகுதியில், 375-ஆம் பக்கம் முதல் 400-ஆம் பக்கம் வரை இக்கட்டுரை வெளியாயிற்று.

இம்முறையைத் தசைச் சாற்றுக்குப் பயன்படுத்தியபோது நிறம் வழக்கம்போல் உடனே முழுமை பெறாமல் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போனது. பிழை என்று ஒதுக்கியிருக்கலாம். ஆனால் எளிதில் சிதையும் ஏதோ ஒரு பாஸ்பரஸ் சேர்மம் அமிலத்தில் உடைந்து சிறிது சிறிதாகப் பாஸ்பேட்டை விடுவிக்கிறது என இருவரும் உணர்ந்தனர். கிரியாட்டினும் பாஸ்பேட்டும் இணைந்த அச்சேர்மம் பாஸ்போகிரியாட்டின் எனப்பட்டது. தசை வேலை செய்கையில் இது குறைவதும், ஓய்வின்போது மீள்வதும் 1927-இல் சயன்ஸ் இதழில் அறிவிக்கப்பட்டன. அதே ஆண்டில் இங்கிலாந்தில் எக்கிள்டன் தம்பதியரும் இப்பொருளைத் தனியே கண்டிருந்தனர். தசைச் சுருக்கத்துக்கு இலாக்டிக் அமிலமே ஆற்றல் மூலம் என்ற கருத்து அப்போது செல்வாக்குடன் இருந்தது. இலாக்டிக் அமிலம் பற்றிய ஆய்வுக்காக மேயரோஃப் 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றிருந்தார். அக்கருத்து ஆட்டம் காணத் தொடங்கியது. 1929-இல் ஏ.டி.பி.யைப் பிரித்தெடுத்ததையும் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் வெளியிட்டனர். ஜெர்மனியில் கார்ல் லோமன் சில வாரங்கள் முந்திக்கொண்டதால் பாடநூல்கள் பெரும்பாலும் அவர் பெயரையே முதலில் கூறுகின்றன.

சுப்பாராவ் 1930-இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். ஆயினும் நிலையான பதவி கிடைக்கவில்லை. அத்துறையில் அக்காலத்தில் பயின்றவரும், 1988-இல் நோபல் பரிசு பெற்றவருமான ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த நியூக்ளியோட்டைடுகள் சிலவற்றை ஃபிஸ்கே வெளிவர விடவில்லை என்றும், அவற்றைப் பிறர் பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கண்டுபிடிக்க நேர்ந்தது என்றும் பிற்காலத்தில் கூறியுள்ளார். வெளியிடப்படாத ஆய்வு எந்த மேற்கோள் கணக்கிலும் ஏறுவதில்லை.

லெடர்லே ஆய்வகம்

1940-இல் சுப்பாராவ் நியூயார்க் மாநிலத்தின் பெர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லே ஆய்வகத்தில் முழுநேரப் பணியில் சேர்ந்து, விரைவில் அதன் ஆய்வு இயக்குநரானார். இங்கு அவர் தாமே குடுவையைக் கையாண்ட ஆய்வாளராக அன்றி, எதனைத் தேட வேண்டும், யார் தேட வேண்டும் என்று முடிவு செய்தவராகவே பெரிதும் விளங்கினார்.

பம்பாயில் கருவுற்ற பெண்களின் இரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ், நொதிச்சாற்றில் அதனைத் தீர்க்கும் பொருள் ஒன்று உள்ளது என 1931-இல் காட்டியிருந்தார். ஃபோலிக் அமிலம் என்று பின்னர் பெயர் பெற்ற அப்பொருளை லெடர்லே குழு செயற்கையாக உருவாக்கி 1945-இல் அறிவித்தது. அதன் அமைப்பை விளக்கிய 1946-ஆம் ஆண்டுக் கட்டுரையில் பதினாறு பேரின் பெயர்கள் உள்ளன. முதற்பெயர் ஆங்கியர், சுப்பாராவின் பெயர் அகரவரிசையில் நடுவே வருகிறது. அவ்வமிலம் வெப்பமண்டல ஸ்ப்ரூ நோயாளிகளைத் தேற்றியது. உடன்பிறந்தார் இறந்து கால் நூற்றாண்டு கழிந்திருந்தது.

ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோன்றி அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் குழு உருவாக்கியது. அவற்றுள் அமினோப்டெரினைப் பாஸ்டனைச் சேர்ந்த சிட்னி ஃபார்பருக்கு ஆய்வகம் வழங்கியது. கடும் இரத்தப்புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்கு ஃபார்பர் இதனைக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948 ஜூனில் வெளியான அக்கட்டுரை புற்றுநோய் வேதிச்சிகிச்சையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. அதன் ஐந்து ஆசிரியர்களுள் சுப்பாராவ் இல்லை. அமினோப்டெரினின் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட் பின்னர் அதன் இடத்தைப் பிடித்தது.

முதிர்ந்த வயதில் ஆய்வகத்தில் சேர்ந்த தாவரவியலாளர் பெஞ்சமின் டக்கர், மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசினைக் கண்டார். டெட்ராசைக்ளின் வகையின் முதல் நுண்ணுயிர்க்கொல்லி இதுவே. 1948-இல் அதனை அறிவித்த கட்டுரை டக்கரின் பெயரில் மட்டும் வெளியாயிற்று.

யானைக்கால் நோய் மருந்தும் கடலூரும்

இரண்டாம் உலகப்போரில் பசிபிக் தீவுகளில் போரிட்ட அமெரிக்க வீரர்கள் பலரை யானைக்கால் புழு தொற்றியது. மருந்து தேடிய லெடர்லே குழு, டைஎதில்கார்பமசினை முதலில் எலிகளிலும் நாய்களிலும் ஆய்ந்து 1947-இல் வெளியிட்டது. கட்டுரையின் முதல் ஆசிரியர் ஹெவிட். சுப்பாராவ் கடைசிப் பெயர்.

இம்மருந்து இரத்தத்தில் உலவும் நுண்புழுக்களை அழிக்கிறது. கியூலெக்ஸ் கொசு ஒருவரிடமிருந்து நுண்புழுவை எடுத்துச் சென்றால்தான் நோய் பரவும். ஆகவே ஊரார் அனைவரும் ஆண்டுக்கு ஒருமுறை மாத்திரை உட்கொண்டால் பரவும் சங்கிலி அறுபடும் என்பது பின்னர் வந்த திட்டத்தின் அடிப்படை. இந்தியாவில் இவ்வாறு ஆண்டுக்கு ஒருமுறை வழங்கும் முறை 1996-இல் சோதனையாகத் தொடங்கப்பட்ட மாவட்டங்களுள் கடலூரும் ஒன்று. மேல்பட்டாம்பாக்கம் போன்ற பேரூர்களும் சிதம்பரம் பகுதியும் அடங்கிய அம்மாவட்டத்தில் டி.இ.சி. மாத்திரை என்ற பெயர் மக்களிடையே அறிமுகமானது. பின்னாளில் அல்பெண்டசோல் மாத்திரையும் உடன் சேர்க்கப்பட்டது.

நோயெதிர்ப்பியலில் தாக்கம்

சுப்பாராவ் நோயெதிர்ப்பியலாளர் அல்லர். ஆனால் அத்துறை அவர் குழுவின் பொருள்களின்மேல் பெரிதும் சார்ந்துள்ளது. குறைந்த அளவில் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மிகைபட்ட எதிர்ப்புச் செயலைத் தணிப்பதால், முடக்குவாதத்துக்கு முதன்மையான மருந்துகளுள் ஒன்றாக உள்ளது. அமெரிக்காவில் இப்பயன்பாட்டுக்கு 1988-இல் ஒப்புதல் கிடைத்தது.

இன்னொன்று பலர் அறியாதது. கோலரும் மில்ஸ்டீனும் 1975-இல் ஒற்றைவகை எதிர்ப்பொருள்களை உருவாக்கினர். எதிர்ப்பொருள் சுரக்கும் எலியின் மண்ணீரல் உயிரணுக்களை, ஓயாமல் பெருகும் புற்றணுக்களுடன் அவர்கள் இணைத்தனர். இணையாமல் எஞ்சிய புற்றணுக்களை ஒழித்தால்தான் கலப்பணுக்கள் தனியே கிட்டும். அதற்கான வளர்ப்பு ஊடகத்தில் அமினோப்டெரின் உள்ளது. டி.என்.ஏ.வின் கட்டுமானப் பொருள்களைச் செய்யும் முதன்மை வழியை அது அடைத்துவிடுகிறது. மாற்றுவழிக்கு வேண்டிய நொதியம் இல்லாத புற்றணுக்கள் மடிகின்றன. மண்ணீரல் அணுவிடமிருந்து அந்நொதியத்தைப் பெற்ற கலப்பணுக்கள் மட்டும் பிழைக்கின்றன. இப்பணிக்கு 1984-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இம்முறையைக் கையாளும் கட்டுரைகள் ஊடகத்தின் பெயரைக் குறிப்பிடுவதோடு நின்றுவிடுகின்றன. அமினோப்டெரின் எங்கே பிறந்தது என்று மேற்கோள் காட்டுவது அரிது. ஒரு கண்டுபிடிப்பு பொது அறிவோடு கலந்ததும் அதன் மூலம் மறைந்துபோவதைச் சமூகவியலாளர் இராபர்ட் மெர்ட்டன் 1968-இல் விளக்கியுள்ளார்.

மேற்கோள் கணக்கு

யூஜின் கார்ஃபீல்டு 1964 முதல் வெளியிட்ட அறிவியல் மேற்கோள் அட்டவணையால், எந்தக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினர் என்பதை எண்ண முடிந்தது. அவர் தொகுத்த மிகுதியான மேற்கோள் பெற்ற கட்டுரைகளின் வரிசைகளில் 1925-ஆம் ஆண்டுக் கட்டுரை இடம்பெற்றது. அரை நூற்றாண்டைக் கடந்தும் ஒரு கட்டுரை தொடர்ந்து காட்டப்படுவது அரிது. பெருந்தத்துவங்களை விட ஆய்வு முறைகளே அதிகம் மேற்கோள் பெறுகின்றன என்பதற்கு இது நல்ல சான்று. எல்லாவற்றிலும் முதலிடத்தில் உள்ள, புரதத்தை அளவிடும் 1951-ஆம் ஆண்டு லோரி கட்டுரையும் (2014 வரை மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள்) ஒரு முறையே. அதில் பயன்படும் வினைப்பொருளும் சுப்பாராவின் துறைத்தலைவர் ஃபோலினின் பெயரைத் தாங்கியது என்பது ஒரு வியப்பான ஒற்றுமை.

இக்கணக்கில் சுப்பாராவுக்குச் சில இழப்புகள் உண்டு. அச்சில் வந்த அட்டவணை மேற்கோள்களை முதல் ஆசிரியரின் பெயரின்கீழ் மட்டுமே அடுக்கியது. எனவே பாஸ்பரஸ் கட்டுரையின் நெடும்பட்டியல் ஃபிஸ்கேயின் பெயரில் நின்றது. சுப்பாராவின் பெயர் கட்டுரைகளில் ஒரே சீராக எழுதப்படாததால் தேடுவோருக்கும் குழப்பம். 2005-இல் ஹிர்ஷ் முன்வைத்த எச்-சுட்டெண்ணைக் கொண்டு அளந்தாலும், பல்லாயிரம் மேற்கோள் பெற்ற கட்டுரையும் ஓர் எண்ணாகவே கொள்ளப்படும். ஆய்வகத்தை வழிநடத்திய பணிக்கு அதில் இடமில்லை. இத்தனைக்கும் இடையே அவர் பெயரைக் காத்தது அம்முறையின் பெயர்தான். ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்று இரண்டு பெயர்களையும் சேர்த்தே ஆய்வுக்கூடக் கையேடுகள் வழங்கின.

இறப்பும் நினைவும்

1948 ஆகஸ்டில் நியூயார்க்கில் உறக்கத்திலேயே சுப்பாராவ் காலமானார். அகவை 53. ஃபார்பரின் கட்டுரை வெளியாகி இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியர்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை பெறும் வாய்ப்பு கிட்டியிருந்தும் அவர் அதனைப் பெறவில்லை. 1953-இல் விவரிக்கப்பட்ட ஒரு பூஞ்சைப் பேரினத்துக்குச் சுப்பாரோமைசஸ் என இவர் நினைவாகப் பெயரிடப்பட்டது. நூற்றாண்டையொட்டி 1995-இல் இந்திய அஞ்சல் துறை அஞ்சல்தலை வெளியிட்டது. மெத்தோட்ரெக்சேட், ஃபோலிக் அமிலம், டைஎதில்கார்பமசின் ஆகிய மூன்றும் உலக நலவாழ்வு அமைப்பின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் உள்ளன.