கல்லீரலின் நுண்ணமைப்பைக் கண்ட மால்பிகி

உயிரியல் பாடத்தில் கரப்பான் பூச்சியைப் பற்றிப் படிக்கும்போது மால்பிஜியன் நுண்குழல்கள் என்ற சொல் வருகிறது. சிறுநீரகத்தைப் படித்தால் மால்பிஜியன் உறுப்பு. மனிதத் தோலைப் படித்தால் அங்கே மால்பிஜியன் அடுக்கு! ஒரே மனிதரின் பெயர் பூச்சியின் வயிற்றிலும், நமது சிறுநீரகத்திலும், தோலிலும் பொறிக்கப்பட்டிருப்பது வியப்பல்லவா? தேர்வுக்காக அப்பெயரை மனப்பாடம் செய்யும் நாம், அவர் யார், எப்படி வாழ்ந்தார், எவ்வளவு துன்பப்பட்டார் என்று கேட்பதில்லை. மார்செல்லோ மால்பிகி என்னும் அந்த இத்தாலிய மருத்துவரின் வாழ்க்கையையும், அவர் ஆராய்ந்த உள்ளுறுப்புகளுள் மிகப் பெரியதான கல்லீரலின் கதையையும் இங்கே காண்போம்.

இத்தாலி நாட்டின் பொலோஞா நகருக்கு அருகே கிரெவால்கோரே என்ற சிற்றூர் உள்ளது. அங்கே நிலபுலன் உள்ள ஒரு குடும்பத்தில் 1628-ஆம் ஆண்டு மால்பிகி பிறந்தார். அதே 1628-ஆம் ஆண்டில்தான் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் வில்லியம் ஹார்வி, இரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று நிறுவும் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். ஹார்வி தொடங்கியதை முடித்து வைக்கவே இக்குழந்தை பிறந்தது போலும்!

பதினேழு வயதில் மால்பிகி பொலோஞா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆனால் 1649-இல் அவருடைய தந்தையும், தாயும், பாட்டியும் அடுத்தடுத்து இறந்துவிட்டனர். வீட்டின் மூத்த பிள்ளை அவரே. தம்பி தங்கையரின் பொறுப்பும், நிலத்தின் பொறுப்பும் இருபத்தொரு வயது இளைஞரின் தோளில் விழுந்தன. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பினார். குடும்பத்தை ஒருவாறு ஒழுங்குபடுத்திய பிறகே மீண்டும் படிக்க வந்தார். 1653-ஆம் ஆண்டு மருத்துவத்திலும் தத்துவத்திலும் பட்டம் பெற்றார்.

அவருடைய ஆசிரியர்களுள் முக்கியமானவர் பார்த்தொலோமேயோ மஸ்ஸாரி. இப்பேராசிரியர் தம் வீட்டிலேயே சில மாணவரைக் கூட்டி, உடல்களை அறுத்துக் காட்டி, நேரில் பார்த்துக் கற்கும் வழியைப் பழக்கினார். பழைய நூலில் எழுதியிருப்பதை அப்படியே ஒப்பிப்பதே கல்வி என்றிருந்த காலம் அது. கண்ணால் கண்டு தெளிய வேண்டும் என்ற பாடத்தை மால்பிகி அந்த வீட்டில் கற்றார். பின்னர் ஆசிரியரின் தங்கை பிரான்செஸ்காவையே மணந்தார்.

1656-இல் பீசா நகருக்குப் பேராசிரியராகச் சென்றபோது, கணித மேதை பொரெல்லியின் நட்பு கிடைத்தது. அந்நாளில் நுண்ணோக்கி மிகவும் புதிய கருவி. பலர் அதை வேடிக்கைப் பொருளாகவே கருதினர். மால்பிகியோ அதை உயிரின் உட்புறத்தைப் பார்க்கும் சாளரமாக ஆக்கிக்கொண்டார். உடல்நலம் குன்றியதால் 1659-இல் பொலோஞாவுக்குத் திரும்பி, தவளையின் நுரையீரலை உலர்த்தி நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தார். மிக மெல்லிய குழாய்கள் வலைபோல் பின்னிக் கிடப்பதைக் கண்டார். தமனியிலிருந்து சிரைக்கு இரத்தம் எப்படிச் செல்கிறது என்பதுதான் ஹார்விக்கு விளங்காத புதிர். அப்புதிரை இத்தந்துகிகள் விடுவித்தன. 1661-இல் மால்பிகி இதை வெளியிட்டபோது ஹார்வி உயிருடன் இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டார்.

இனி, கல்லீரலுக்கு வருவோம். பண்டைக் காலத்தில் இவ்வுறுப்புக்கு அரச மரியாதை இருந்தது. உண்ட உணவு முழுவதும் கல்லீரலுக்குச் சென்று அங்கே இரத்தமாக மாறுகிறது என்று கிரேக்க மருத்துவர் கேலன் கற்பித்திருந்தார். ஏறக்குறைய ஆயிரத்து நானூறு ஆண்டுகள் உலகம் அதை நம்பியது. பதினேழாம் நூற்றாண்டில் அந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது. குடலிலிருந்து கொழுப்புச் சத்தை ஏந்திய பால்போன்ற நீர், கல்லீரலுக்குச் செல்லாமல் வேறு குழாய் வழியாக நேரே இரத்தத்தில் கலப்பதை 1651-இல் பெக்கே என்ற பிரெஞ்சு அறிஞர் எடுத்துக்காட்டினார். இரத்தத்தைப் படைக்கும் வேலை கல்லீரலுடையதன்று என்று முடிவு கட்டினார்கள். டென்மார்க் நாட்டு பார்த்தோலின், 1653-இல் கல்லீரல் இறந்துவிட்டது என்று அதற்குக் கல்லறைக் கவிதையே எழுதினார்! அரியணையிலிருந்து இறக்கப்பட்ட இந்தக் கல்லீரல் பிறகு எதற்காகத்தான் இருக்கிறது?

இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் மால்பிகி முதன்மையானவர். 1662 முதல் நான்காண்டுகள் சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகரில் கற்பித்தபோதும் ஆராய்ச்சியை விடவில்லை. 1666-ஆம் ஆண்டு உள்ளுறுப்புகளின் அமைப்பைப் பற்றிய அவரது நூல் பொலோஞாவில் வெளியாயிற்று. கல்லீரல், மூளை, சிறுநீரகம், மண்ணீரல் ஆகியவற்றை அதில் விளக்கினார்.

அவருடைய முறை எளியது. சிக்கலான உயிரை அறிய, முதலில் எளிய உயிரைப் பார்க்க வேண்டும் என்பார். ஆகவே நத்தை முதல் மாடு வரை பல உயிர்களின் கல்லீரலைச் சோதித்து, பிறகே மனிதக் கல்லீரலுக்கு வந்தார். வெறும் கண்ணுக்கு ஒரே சிவந்த சதைப் பிண்டமாகத் தோன்றும் அது, எண்ணற்ற சிறு நுண்மடல்களால் ஆனது என்றும், ஒவ்வொரு நுண்மடலும் திராட்சைக் குலைபோல் தொங்கும் சிறு மணிகளைக் கொண்டது என்றும் எழுதினார். நம் முன்னோர் ஈரற்குலை என்று சொன்னார்களே, அச்சொல்லை இங்கு நினைத்துப் பார்க்கலாம். அவர்கள் உறுப்புகள் சேர்ந்து தொங்குவதைக் கண்டு அவ்வாறு சொன்னார்கள். மால்பிகியோ ஈரலின் உள்ளேயே குலைகளைக் கண்டார்.

அத்துடன், கல்லீரல் ஒரு சுரப்பி என்றும் அவர் நிறுவினார். பித்தநீர் பித்தப்பையிலேயே உண்டாகிறது என்று அன்று சிலர் வாதாடினர். மால்பிகி ஓர் இளம் பூனையில் பித்தப்பையின் வழியை நூலால் கட்டிவிட்டு, குடலுக்குச் செல்லும் பித்தக் குழாயையும் கட்டினார். பித்தப்பையிலிருந்து ஒரு சொட்டும் வரவழியில்லை. ஆயினும் கல்லீரலிலிருந்து வரும் குழாய் பித்தநீரால் நிரம்பிப் பருத்தது. பித்தநீரைச் சுரப்பது கல்லீரலே என்று தெளிவாயிற்று. பித்தப்பை அதைச் சேர்த்து வைக்கும் இடம் மட்டுமே.

இவ்வளவு உழைத்தவருக்குச் சொந்த ஊரில் கிடைத்தது பாராட்டன்று, பகை. மால்பிகியின் குடும்பத்துக்கும் ஸ்பராலியா என்ற குடும்பத்துக்கும் நில எல்லையைப் பற்றிய பழைய தகராறு இருந்தது. அது முற்றி, 1659-இல் நடந்த சண்டையில் மால்பிகியின் தம்பி அக்குடும்பத்து இளைஞர் ஒருவரைக் கொன்றுவிட்டார். அந்தக் களங்கமும் பகையும் மால்பிகியை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தன. 1684-இல் அவர் வீட்டில் தீப்பற்றி, அருமை நுண்ணோக்கிகளும் கையெழுத்துக் குறிப்புகளும் அழிந்தன. ஐம்பத்தாறு வயதில் பல ஆண்டு உழைப்பைச் சாம்பலாகக் கண்டவரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

1689-இல் அதே ஸ்பராலியா குடும்பத்தைச் சேர்ந்த மருத்துவப் பேராசிரியர் ஒருவர் அவரைத் தாக்கி ஒரு நூல் எழுதினார். அதன் சாரம் இதுதான்: நுண்ணோக்கியில் பார்ப்பதால் நோயாளிக்கு என்ன பயன்? ஈரலில் மணி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? காய்ச்சல் தணியுமா? உண்மையில் இது எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று. மால்பிகி நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர். தாம் கண்ட நுண்மடல்களைக் கொண்டு கல்லீரல் நோயுள்ள ஒருவரையும் அவரால் அன்று குணப்படுத்த இயலவில்லை. ஆயினும், நலமான உறுப்பு எப்படி இயங்குகிறது என்று அறியாதவன் நோயுற்ற உறுப்பை அறிய முடியாது என்ற கொள்கையில் அவர் உறுதியாக நின்றார். பொறுமையாக ஒரு மறுப்புரை எழுதினார். அது அவர் இறந்தபின், 1697-இல்தான் அச்சேறியது.

வெளிநாட்டில் அவருடைய அருமையை உணர்ந்தார்கள். லண்டன் ராயல் சொசைட்டி 1667 முதல் அவருடன் கடிதத் தொடர்பு கொண்டு, 1669-இல் தன் உறுப்பினராக்கிக்கொண்டது. பட்டுப்புழுவைப் பற்றியும், முட்டைக்குள் குஞ்சு வளர்வதைப் பற்றியும், தாவரங்களின் உள்ளமைப்பைப் பற்றியும் அவர் எழுதிய நூல்களை அச்சங்கமே வெளியிட்டது. நாம் படிக்கும் மால்பிஜியன் நுண்குழல்களைப் பட்டுப்புழுவில்தான் அவர் கண்டார்.

1691-இல் பாப்பரசர் 12-ஆம் இன்னொசென்ட் அவரை உரோமைக்கு அழைத்துத் தம் சொந்த மருத்துவராக அமர்த்தினார். நோய்வாய்ப்பட்டிருந்த மால்பிகிக்கு ஊரைவிட்டுப் போக விருப்பமில்லை. ஆனாலும் பணிந்து சென்றார். 1694-இல் அன்பு மனைவியை இழந்தார். அதே ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு உரோமையில் உயிர் நீத்தார். வாழ்நாளெல்லாம் உடல்களை ஆராய்ந்தவரின் உடலையும், அவருடைய இளம் நண்பர் பாலீவி என்ற மருத்துவர் அறுத்து ஆராய்ந்து, காரணத்தைக் கண்டு எழுதி வைத்தார். பின்னர் உடல் பொலோஞாவுக்குக் கொண்டுவரப்பட்டு, புனித கிரகோரியார், புனித சிரூஸ் ஆகியோரின் பெயர் தாங்கிய ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அவரிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு, என்ன பயன் என்ற அந்தக் கேள்விக்கு, காலம்தான் விடை சொன்னது. 1833-இல் லண்டன் மருத்துவர் பிரான்சிஸ் கீர்னன் நுண்மடலின் அமைப்பைத் தெளிவாக வரைந்தார். திசுக்கள் செல்களால் ஆனவை என்பது மால்பிகிக்குத் தெரியாது. 1839-க்குப் பின்னரே விலங்கு செல்களைப் பற்றிய அறிவு பரவியது. கல்லீரலில் கிளைகோஜன் சேமிக்கப்படுவதை 1857-இல் பிரான்சின் குளோட் பெர்னார் பிரித்தெடுத்துக் காட்டினார். கல்லீரலின் விண்மீன் வடிவச் செல்களை 1876-இல் ஜெர்மானியரான குப்ஃபர் விவரித்தார். இரத்தத்தில் வரும் கிருமிகளையும் பழைய சிவப்பணுக்களையும் விழுங்கும் காவற்செல்கள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன.

இன்று நாம் அறிந்தது இது: ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ள கல்லீரலில், ஒவ்வொரு நுண்மடலும் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் அகலமே உள்ள ஆறுபக்க அமைப்பு. நடுவில் ஒரு சிரை. அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் செல் வரிசைகள் விரிகின்றன. மூலைகளில் மூன்று குழாய்கள் சேர்ந்து செல்கின்றன. ஒன்று, குடலிலிருந்து உணவுச் சத்தைக் கொண்டுவரும் போர்ட்டல் சிரையின் கிளை. மற்றொன்று, ஆக்சிஜன் மிகுந்த இரத்தம் தரும் தமனியின் கிளை. மூன்றாவது பித்தக் குழாய். கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் சுமார் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியே வருகிறது. இரத்தம் ஓரத்திலிருந்து நடுவுக்கும், பித்தநீர் நடுவிலிருந்து ஓரத்துக்குமாக எதிரெதிரே ஓடுகின்றன; ஆனாலும் நலமான கல்லீரலில் ஒன்றோடொன்று கலப்பதில்லை!

இந்தச் சிறு அறைக்குள் நடக்கும் வேலைகளைக் கேளுங்கள். உண்டபின் மிகும் சர்க்கரையைக் கிளைகோஜனாகச் சேமிக்கிறது. பசித்திருக்கும்போது அதைத் திருப்பித் தருகிறது. நஞ்சான அம்மோனியாவை யூரியாவாக மாற்றுகிறது. காயம்பட்டால் இரத்தம் உறையத் தேவையான புரதங்களை ஆக்குகிறது. வைட்டமின்களையும் இரும்புச் சத்தையும் பத்திரப்படுத்துகிறது. மருந்துகளையும் மதுவையும் சிதைத்து வெளியேற்றுகிறது. நாள்தோறும் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும் மிச்சம் உள்ளது வளர்ந்து ஈடுகட்டுகிறது. இப்பண்பினால்தான் இன்று பெற்றோர் தம் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்துக் குழந்தையைக் காப்பாற்ற முடிகிறது.

நோயாளியின் கல்லீரலில் ஐயம் ஏற்பட்டால், மருத்துவர் ஊசியால் ஒரு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைக்கிறார். நுண்மடல் ஒழுங்காக உள்ளதா, தழும்பேறிச் சிதைந்துள்ளதா என்று பார்த்து நோயைத் தீர்மானிக்கிறார். மால்பிகியைப் பார்த்துச் சிரித்தவர்கள் பயனற்றது என்றார்களே, அதே செயலைத்தான் இன்றைய மருத்துவமனை நோயாளியின் நலனுக்காகச் செய்கிறது.

தோழியரே! விதைத்தவரே அறுவடை செய்வார் என்று எப்போதும் எதிர்பார்க்க முடியாது. மால்பிகி விதைத்தார், பயனை அவர் காணவில்லை. பெற்றோரை இழந்தபோதும், வீடு எரிந்தபோதும், உடன் பணியாற்றியவரே இகழ்ந்தபோதும் அவர் மீண்டும் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். கண்ணுக்கெட்டாத சிறு மடலிலும் படைத்தவர் இத்தனை ஒழுங்கை வைத்திருக்கிறார் என்றால், நம்முடைய சிறிய கடமைகளையும் கவனத்தோடும் உண்மையோடும் செய்வதே அவருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.